காடுதேன் சார்

முத்திருளன் தன் வாயாலேயே தன் காரியத்தைக் கெடுத்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வாடிப்பட்டிக்கு மேற்கே அவருடைய நிலத்தின் ஓரத்தில் பைக்கை நிறுத்திய அதிகாரி அசோக்குமார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "இது என்ன நிலம்ங்க?" பயிர் செய்கிற நிலத்தை மரம் வளர்க்க விட்டுக்கொடுத்தால் அரசாங்கமே கன்று கொடுக்கும், மரம் உயிரோடு நிற்கிற வரைக்கும் வருடாவருடம் ஊக்கத்தொகையும் கொடுக்கும் என்று ஒரு திட்டம். அதற்கு மனுப் போட்டிருந்த முத்திருளன், பரீட்சை இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"காடு சார்."

"காடா?"

"காடுதேன் சார். எங்கய்யா காலத்துல இருந்தே காடுதேன். பொழுது விடிஞ்சா நான் காட்டுலதேன் கெடப்பேன்."

தண்ணீர் பாய்ந்தால் வயல், வானத்தைப் பார்த்து விதைத்தால் காடு என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. ஆவடியில் பிறந்து வளர்ந்த அசோக்குமாருக்கோ காடு என்றால் யானை இருக்க வேண்டும். யானை இல்லை என்பதைத் தவிர அங்கே குறை ஒன்றும் இல்லை. மழை ஏமாற்றி, மூன்று வருடம் உழாமல் கிடந்த மண்ணில் சீமைக்கருவேலம் ஆளுயரம் மண்டியிருந்தது. போதாக்குறைக்கு உள்ளேயிருந்து ஒரு மயில், கூப்பிடாமலே வந்த சாட்சியாக, அந்த நேரம் பார்த்து அகவித் தொலைத்தது.

"ஏற்கெனவே காடா இருக்கிறதுல எதுக்குங்க மரம் வைக்கணும்? விவசாய நிலத்துக்குத்தான் ஸ்கீம்" என்று சொல்லிவிட்டு அசோக்குமார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்ட மனைவி பாண்டீஸ்வரி முதலில் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "நெலம்னு ஒரு வார்த்தை, வாயில வரலையா ஒங்களுக்கு? மரம் வந்தா சரி. வரலைன்னா தை பொறக்கவும் நெலத்தத் தம்பி கையில குடுத்துரணும். பேச்சு பேச்சா இருக்கணும்."

தம்பி என்றால் அழகுபாண்டி. காளவாசலில் ஆபீஸ் போட்டு மனை விற்கிறவன். அவன் கல் ஊன்றிய இடத்தில் புல்கூட முளைக்காது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பசுமை நகர் என்றுதான் பெயர் வைப்பான். பாண்டீஸ்வரி கெட்டவள் இல்லை. புருஷன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். முத்திருளனுக்கு உழைக்கத் தெம்பு இல்லை, விற்கவும் மனசு இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவருக்குக் கிடைத்த ஒரே வழி அந்த மரத் திட்டம்தான்.

போனில் கெஞ்சியதில் அசோக்குமார் இறங்கி வந்தார். பயிர் நிற்பதைக் காட்டினால் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஆக, விவசாயத்தை விடுவதற்காக முத்திருளன் விவசாயம் பார்க்க வேண்டியதாயிற்று. முள்ளை வெட்டி, டிராக்டர் விட்டு உழுது, ஆவணியில் சோளம் விதைத்தார். அதிகாரி பார்க்கிற அளவுக்கு முளைத்தால் போதும் என்பதுதான் கணக்கு. அந்த வருடம் பார்த்து மழை, விருந்துக்கு அழைத்த சம்பந்தி மாதிரி, சொன்ன நேரத்துக்கு வந்தது.

பயிர் இடுப்பளவு நின்றபோது அசோக்குமார் வந்தார். முத்திருளன் ஒரு வாரமாகச் சொல்லிப் பழகியிருந்தார். "நெலம் சார். விவசாய நெலம்." அப்போது பார்த்து புல்லட்டில் வந்து இறங்கிய அழகுபாண்டி, "என்ன மாமா, காட்டுக்கே ஆபீசரக் கூட்டியாந்துட்டீக போல!" என்றான். முத்திருளனுக்கு உயிரே போய்விட்டது. அசோக்குமார் சிரித்தார்.

"பரவாயில்லைங்க. அந்த வார்த்தையைக் கேட்டுட்டு ஊர்ல பாதிப் பேரைத் திருப்பி அனுப்பி, மேலதிகாரிங்ககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். உங்களுக்குக் கன்னு உறுதி."

கன்றுகள் கார்த்திகையில் வந்தன. வாகை, வேங்கை, பூவரசு என்று ஒரு மினி லாரி நிறைய. அதற்குள் சோளம் ஆளை மறைத்துக் கதிர் தள்ளியிருந்தது. முத்திருளன் கடப்பாரையோடு வரப்பில் நின்று ஒரு மணியைக் கிள்ளி நசுக்கினார். பால் பிதுங்கியது. அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். முழங்கால் வலி இந்த மூன்று மாதமும் இருக்கத்தான் செய்தது. அதைப் பற்றிப் பேச நேரம்தான் இல்லை.

"எங்கயிருந்து குழி எடுக்கலாம்?" என்றார் அசோக்குமார்.

"கதிர் அறுத்துட்டு வச்சுக்கிருவமா சார்?"

"மழை இருக்கப்பவே வைக்கணும்ங்க. இன்னைக்கு இறக்கலைன்னா வண்டி அடுத்த ஊருக்குப் போயிடும்."

புல்லட்டில் சாய்ந்து நின்ற அழகுபாண்டி, "மரமா, மனையா? சட்டுப்புட்டுன்னு சொல்லுங்க மாமா" என்றான். முத்திருளன் கடப்பாரையைக் கீழே போட்டார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. இது காடு சார்."

"அதான் தெரியுமே. இந்தப் பக்கம் நிலத்துக்கு அப்படித்தான்..."

"இல்ல சார். நீங்க மொதல்ல நெனச்சீகளே, அந்தக் காடு. நெசமாவே காடு. எழுதிக்கங்க."

அசோக்குமார் பாண்டீஸ்வரியைப் பார்த்தார். அழகுபாண்டியும் அக்காளைப் பார்த்தான். கிளி விரட்டுகிற தகர டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், புருஷன் முகத்தை மட்டும் பார்த்தாள். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்று சொன்னவள் அவள்தான். அப்போது சோளத்துக்குள் மயில் அகவியது.

பாண்டீஸ்வரி டப்பாவைத் தூக்கி ஓங்கித் தட்டினாள். "ஏய்! யாரு காட்டுல வந்து யாரு மேயுறது? ஓடு வெளிய!"

கதிர்களை உலுக்கிக்கொண்டு மயில் எழும்பியது. அழகுபாண்டியின் தலைக்கு மேலாகப் பறந்து போய், லாரியில் அடுக்கியிருந்த வாகைக் கன்றுகளுக்கு நடுவே இறங்கி, தோகையைப் பின்பக்கம் தொங்கவிட்டபடி உட்கார்ந்துகொண்டது.