மூன்றாம் அங்கத்துக் கேள்வி

இதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் கொஞ்சம் மாறித்தான் வந்தது. அத்தான் நாற்காலியைப் பிடித்தது வலது கையால் என்று ஒருவரிடம் சொன்னேன், இடது கையால் என்று இன்னொருவரிடம். அரங்கில் முதலில் சிரித்தது யார் என்பதும் இப்போது நிச்சயமில்லை. ஒரு முழு நாடகத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறவன் தன் வாழ்க்கையின் பத்து நிமிடத்தை இப்படிக் குழப்பிக்கொள்வானா என்று நீங்கள் கேட்கலாம். குழப்பிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறதோ என்னவோ.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் நாடகக் குழுவின் முதல் நடிகர். பதினாறு வருடம் நான் அவருக்கு மகனாக, தம்பியாக, வேலைக்காரனாக நடித்தேன். அவர் சாகும் காட்சிகளில் தலையை மடியில் தாங்கி அழுவது என் பொறுப்பு. பத்திரிகை விமர்சனங்களில் நான் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் இருப்பேன். அத்தானுக்கு அதில் ஒரு வேடிக்கை. நான் வீட்டுக்குள் நுழைந்தால், “பலர் வந்தாச்சு, ஒரு தட்டு போதும்” என்று அக்காவிடம் குரல் கொடுப்பார். நானும் சிரிப்பேன். மனதில் கள்ளமில்லாத மனிதர்தான். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த வருடம் போட்ட நாடகத்தில் அவர் அப்பா, நான் இளைய மகன். வீட்டை விட்டுப் போன மூத்த மகனின் கடிதங்களை எல்லாம் அப்பா ஒளித்து வைத்திருக்கிறார். முதல் அங்கத்தில் நான், “கடிதம் வந்ததா?” என்று கேட்பேன். அவர் இல்லையென்று சாதிப்பார். மூன்றாம் அங்கத்தில் அதே கேள்வியை அதே இடத்தில் நின்று மறுபடி கேட்பேன். கடிதக் கட்டு அவர் கையிலேயே இருக்கும். அவர் நெடுநேரம் பேசாமல் நின்று, பிறகு உடைந்து எல்லாவற்றையும் சொல்வார். அந்த மௌனத்துக்காகவே இரண்டாம் முறை வந்தவர்கள் உண்டு. நானும் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அப்பாவாக நின்று பார்த்திருக்கிறேன். அவர் எடுப்பதைவிட நீண்ட மௌனம் எடுப்பேன். நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

அத்தானுக்கு மறதி தொடங்கியது அந்த நாடகத்தில்தான். முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, பிறகு வசனத்தை. அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நாங்கள் மூவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வசனம் மறந்தால் அவர் நாற்காலியின் முதுகைப் பிடிப்பார். பிடிக்காமல் நின்றால் அது நடிப்பின் மௌனம், நான் குறுக்கே போகக்கூடாது. பிடித்தால், மகன் பேசுவது போலவே ஒரு வரி சேர்த்து அவருக்கு வழி காட்ட வேண்டும். அதை மாதக்கணக்கில் செய்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சொல்லப்போனால், அத்தானுடைய மௌனங்கள் ஆழமாகிக்கொண்டே போகின்றன என்று ஒரு பத்திரிகை எழுதியது.

இயக்குநருக்கு மட்டும் ஏதோ பொறி தட்டியிருக்கிறது. தலைநகரின் பெரிய அரங்கிலிருந்து இரண்டு பேர் பகல் காட்சிக்கு வருவதாகவும், பிடித்தால் நூறு காட்சிகளுக்கு எங்களை அழைத்துக்கொள்வார்கள் என்றும் செய்தி வந்தது. அந்த வாரம் இயக்குநர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

“தம்பி, அப்பா வேஷம் உனக்குப் பாடமா?”

பாடம் என்றேன்.

“அன்னைக்கு அவர் தடுக்கினா, அடுத்த காட்சியிலிருந்து நீதான். மனசுல வெச்சுக்கோ. வீட்ல சொல்லிக்கிட்டு இருக்காதே.”

நான் வீட்டில் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அத்தானோடு உட்கார்ந்து வழக்கம்போல வசனம் படித்தேன். அக்கா மடியில் துணியை வைத்துத் தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். குழுவின் உடைகளை எல்லாம் தைப்பவள் அவள்தான். அத்தான் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நான் ஏமாற்றம் அடைந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பகல் காட்சி. முதல் இரண்டு அங்கங்களை அவர் பிரமாதமாகச் செய்தார். மூன்றாம் அங்கத்தில் நான் கேட்டேன். “கடிதம் வந்ததா?”

அவர் பேசாமல் நின்றார். அரங்கு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கை மெல்லப் போய் நாற்காலியைப் பிடித்தது. என்னைப் பார்த்தார். தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போன்ற பார்வை.

நான் சொல்லவேண்டியிருந்தது, “கையில இருக்கிறதைக் காட்டுங்கப்பா” என்ற ஒரு வரி. அதை நாங்கள் பல தடவை பழகியிருந்தோம். என் வாயில் வந்தது வேறு. “தபால்காரர் போயிட்டாரா?” என்றேன். அது முதல் அங்கத்தின் வரி.

அத்தானின் முகம் தெளிந்தது. வழி கிடைத்த நிம்மதி அதில் அப்படியே தெரிந்தது. “போயிட்டார். இன்னைக்கும் ஒண்ணும் வரலைப்பா,” என்றார். கடிதக் கட்டு அவர் கையில் இருந்தது.

சபை அதை நாடகம் என்றே எடுத்துக்கொண்டது. அப்பா கடைசிவரை பொய் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அந்த இடத்திலேயே நான் அவரைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கலாம். ஒரு வரி போதும். நான் முதல் அங்கத்தின் அடுத்த வரியைச் சொன்னேன். அவர் அதற்கான பதிலைச் சொன்னார். முதல் வரியைப் பதற்றம் என்று சொல்லலாம். அதற்குப் பின் நான் சொன்ன ஆறு வரிகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் அவர் கலகலப்பாகிக்கொண்டே வந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்றார். கடிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரியவன் ஏன் எழுதுவதே இல்லை என்று அங்கலாய்த்தார். அப்போதுதான் எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு வரிசை. பிறகு எல்லோரும். நகைச்சுவை எடுபடுகிறது என்று நினைத்து அத்தான் அவர்களுக்காக இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்தார். அம்மாவாக நடித்தவள் பக்கவாட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் அக்கா நின்றாள். அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை இறக்கிவிட்டார்கள்.

ஒப்பனை அறையில் அத்தான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். “எப்படிச் சிரிச்சாங்க பார்த்தியா மச்சான்? இந்த நாடகத்துல இவ்வளவு சிரிப்பு இருக்குன்னு எனக்கே தெரியாது,” என்றார். நான் தலையாட்டினேன். இயக்குநர் வந்து, அவரை அன்போடு தோளில் தட்டி, வெளியே காற்றாட உட்காரச் சொல்லி அழைத்துப் போனார். வாசலில் திரும்பி, அக்காவிடம் அப்பாவின் கோட்டை என் அளவுக்கு மாற்றச் சொன்னார். தலைநகர்க்காரர்கள் நாளைக்கும் வருகிறார்களாம். பாவம் பார்த்து எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு.

அக்கா கோட்டை என் மேல் மாட்டினாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு முதுகுப் பக்கம் பிடித்துக் குத்தினாள். ஊசிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்ததும் கேட்டாள்.

“எந்த வரிக்குப் பின்னாடி எந்த வரின்னு உனக்குத் தெரியாதா?”

“பதட்டத்துல வாய் தவறிடுச்சுக்கா.”

“ஏழு தடவையா?”

நான் கோட்டுப் பொத்தானைத் திருகினேன்.

“கேட்டிருந்தா கொடுத்திருப்பார்டா,” என்றாள். “அப்பா வேஷத்தை நம்ம பலருக்குக் கொடுத்துடலாமான்னு போன மாசமே என்கிட்ட கேட்டார். நான்தான் கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னேன்.” பிறகு, “கையைத் தூக்கு,” என்றாள். தூக்கினேன். அக்குளில் தையலைப் பிரித்து, அளவெடுத்து, சாக்கட்டியால் கோடு போட்டாள். கோடு நேராக இருந்தது.

நாடகம் பெரிய அரங்குக்குப் போனது. நூறு காட்சிகளிலும் நான்தான் அப்பா. குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். அதற்குப் பின் முதல் வேடம் எனக்கு வரவில்லை. இப்போது வானொலியில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். அத்தான் நான்கு வருடம் இருந்தார். கடைசி வருடம் என்னைத் தபால்காரர் என்று நினைத்துக்கொண்டார். அம்மாவாக நடித்தவள் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போய்விட்டாள். இயக்குநர் நடிப்புப் பள்ளி நடத்துகிறார். அக்கா வேறு ஒரு குழுவுக்குத் தைக்கிறாள். அத்தானின் காரியத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.