அருளானந்தனின் வலது கை

கையில்லாமல் வெறும் முகத்தை மட்டும் நோரா வரையமாட்டாள். முகம் எத்தனை பொய்யும் சொல்லும், கைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவள் கட்சி. அயர்லாந்தில், கால்வேயில் பிறந்தவள். ஓவியம் படிக்க ஒஸ்லோவுக்கு வந்த இடத்தில் யாழ்ப்பாணத்துச் சேந்தனைக் கட்டிக்கொண்டு, இருபத்தேழு வருடமாக அந்த நகரத்து எல்லிங்ஸ்ருட்டில் குடியிருக்கிறாள். அவள் கதைக்கும் தமிழ் அசல் யாழ்ப்பாணத் தமிழ். சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த பிள்ளைகள், வயதுக்கு வந்து சாமத்தியச் சடங்கு கண்ட பெண்கள், அறுபது வயது கண்டவர்கள் என்று அந்தப் பக்கத்துத் தமிழர்களில் அரைவாசிப் பேர் அவளுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து எழும்பியவர்கள்தான்.

சேந்தனும் ஓவியன்தான், ஆனால் வேறு ரகம். சுவர் அளவு கன்வஸில் சாம்பலும் நீலமுமாகப் பூசிவைப்பான். அதில் ஒரு மனிதத் தலை என்ன, கால் நகம்கூடத் தட்டுப்படாது. தன்னை வரையவும் விடமாட்டான். நோரா கல்யாணமான புதிதில் கேட்டாள், தன் பிறந்தநாளுக்குக் கேட்டாள், சண்டை பிடித்தும் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. ஊரை எல்லாம் வரைந்தும் சொந்தப் புருஷனை வரையக் கிடைக்கவில்லையே என்பது அவளுக்கு ஆறாத மனக்குறை.

அருளானந்தன் இறந்தபிறகுதான் குழப்பம் தொடங்கியது. எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் சேந்தனோடு வேலை செய்தவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ரொம்சோஸில் இருந்தார். காரில் பத்து நிமிடம். ஆனாலும் சேந்தன் ஒருநாள்கூட அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. நோராவும் அவரைத் தேவாலய மண்டபத்தில் இரண்டு தரம் தூரத்தில் கண்டதோடு சரி. அப்படியிருக்க, செத்தவீட்டில் பெற்ற பிள்ளைகளைவிட அதிகம் அழுதவன் சேந்தன். நோராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டதற்கு, பழகின ஆள் என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டான்.

அடுத்த கிழமை அருளானந்தனின் மனைவி அருள்நாயகி தொலைபேசியில் அழைத்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு மண்டபத்தில் வைக்க அவருடைய படம் ஒன்று வரைந்து தரவேண்டும் என்றார். பை நிறையப் புகைப்படங்களும் அவர் போட்ட சாம்பல் நிறக் கோட்டும் வந்து சேர்ந்தன.

படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு நோரா தலையைப் பிய்த்துக்கொண்டாள். முகம் வேண்டிய அளவு இருந்தது. வலது கையை மட்டும் காணவில்லை. கல்யாணம் பேச ஊருக்கு அனுப்பிய படத்தில் அது கால்சட்டைப் பைக்குள். கல்யாணப் படத்தில் பூச்செண்டுக்குப் பின்னால். மகளோடு எடுத்ததில் மகளின் முதுகுக்குப் பின்னால். சவப்பெட்டியில் பார்த்ததை யோசித்துப் பார்த்தாள். வழக்கப்படி வெள்ளைக் கையுறை போட்டு, மேலே செபமாலை சுற்றியிருந்தார்கள். குளிர் நாட்டில் கையைப் பைக்குள் வைத்திருக்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் அளவான ஓர் ஆள் இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கையை வரைந்துவிடலாம் என்று காலைச் சாப்பாட்டின்போது பொதுவாகச் சொன்னாள்.

"நான் இருக்கிறன்" என்றான் சேந்தன்.

நோராவின் கையிலிருந்த பாண் துண்டு தேநீருக்குள் விழுந்தது. இருபத்தேழு வருடம் கெஞ்சியும் கிடைக்காதது, செத்துப்போன ஒருவருக்காக ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமலே கன்வஸை நிமிர்த்தி வைத்தாள்.

ஐந்து பின்னேரம் இருந்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில், செத்தவரின் கோட்டுக்குள், வலது கையை முழங்காலின் மேல் நன்றாக விரித்துவைத்துக்கொண்டு இருந்தான். நோரா ஒவ்வொரு விரலாக வரைந்தாள். மோதிர விரலுக்கும் சின்ன விரலுக்கும் வந்தபோது அவன் கண் கலங்கியது. வெளிச்சம் கூசுகிறதாக்கும் என்று அவள் எழும்பித் திரையை இழுத்துவிட்டாள். படம் முடிந்ததும் கிட்ட வந்து பார்த்தவன், இனி அண்ணைக்கு எல்லாம் சரி என்றான். என்ன சரி என்று கேட்டாள். அவன் கோட்டைக் கழற்றி மடித்துவைத்தான்.

இருபத்திரண்டாம் நாள் அருள்நாயகி படத்தைப் பார்க்க வந்தார். முகத்தைக் கண்டதும் கன்னத்தைத் தடவப் போனார். வண்ணம் காயவில்லை என்று நோரா தடுக்கவேண்டியிருந்தது. பிறகு அவர் பார்வை கீழே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

"இது ஆற்றை கை?" என்று கேட்டார்.

யாருடைய கை என்று கேட்கிறாரே என்று நோரா விழித்தாள். அருள்நாயகி தன் வலது கையைத் தூக்கி, கடைசி இரண்டு விரல்களையும் மடக்கிக் காட்டினார். "அவருக்கு இந்த ரெண்டும் இல்லை. பாட்ஸ்பியோர்ட்டிலை மெஷின் வெட்டினது. உமக்குத் தெரியாதே?"

நோரா சேந்தனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றாக வேலை செய்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டுதான் ஐந்து நாளும் ஐந்து விரலையும் விரித்துக்காட்டிக்கொண்டு இருந்தானா?

அருள்நாயகி கோபிக்கவில்லை. உட்கார்ந்து சொன்னார். ஊருக்கு வந்த படத்தில் கை பைக்குள் இருந்ததாம். ஒஸ்லோவுக்கு வந்து, தேவாலயத்தில் மோதிரம் மாற்றும்போதுதான் அந்தக் கையை முதன்முதலில் கண்டாராம். கண்ணில் மண்ணைத் தூவிவிட்டார்களே என்று ஒரு வருடம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். எப்படி நடந்தது என்று எத்தனை தரம் கேட்டாலும், தன் கவனக்குறைவு என்றுதான் கடைசிவரை சொன்னாராம்.

"பிறகு அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் முப்பது வருஷம் இருந்தனான். எல்லாப் படத்திலையும் ஒளிச்சாச்சு. பெட்டிக்குள்ளையும் ஒளிச்சாச்சு. இதிலையாவது அதை வையும், நோரா."

அவர் போய்க் கதவு சாத்தியதும் நோரா சேந்தனுக்கு முன்னால் போய் நின்றாள். அவனும் இந்த முறை ஒளிக்கவில்லை.

"அண்ணை மெஷினுக்குள்ளை கையை விட்டுத் துப்புரவாக்கிக்கொண்டு இருந்தவர். நான் பாராமல் சுவிச்சைப் போட்டிட்டன். எனக்கு அப்ப விசா வரேல்லை, என்ரை பிழை எண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். தன்ரை பிழை எண்டு அவரே போய்ச் சொல்லிப்போட்டார்."

நோராவுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. சுவரில் தொங்கிய அவனுடைய கன்வஸைப் பார்த்தாள். இந்தச் சாம்பலும் நீலமும் அந்தத் தொழிற்சாலைத் தரையா, அல்லது வெறும் நிறம்தானா? பத்து நிமிடத் தூரத்தில் இருந்த வீட்டுக்கு இத்தனை வருடம் போகாதவனோடா அவள் குடும்பம் நடத்தினாள்? கைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், தான் வரைந்ததிலேயே அழகான கையைப் பார்த்தாள். அவள் வரைந்ததில் பெரிய பொய்யும் அதுதான். அவள் புருஷனிடமிருந்து வரையக் கிடைத்ததும் அது ஒன்றுதான்.

சுரண்டும் கத்தியை எடுத்தாள். முதலில் சின்ன விரல், பிறகு மோதிர விரல். வண்ணம் காயாததால் சிரமமில்லாமல் வந்துவிட்டது. அவள் விரும்பியதைவிடச் சுலபமாகவே வந்தது.

"அருள்நாயகி அக்காவுக்கு இதைச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டாள்.

"படம் முடியட்டும். நானே கொண்டுபோய்க் குடுத்துச் சொல்லுறன்."

சேந்தன் செத்தவரின் கோட்டை எடுத்துப் போட்டான். அதே கதிரையில் உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்து, கடைசி இரண்டு விரல்களையும் உள்ளே மடக்கினான்.

முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒரு கையைத் திருத்த அவளுக்கு ஒரு பின்னேரம் போதும். அது முடிந்தால் அவன் சொல்லப் போகவேண்டும், இந்தக் கதிரையிலும் இனி இருக்கமாட்டான். நோரா தூரிகையை எடுத்தாள். வேகமாக வரைவதா, மெல்ல வரைவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.