கூடுதலாக ஒரு பாட்டு

கத்தரிக்கோலெல்லாம் வேண்டாம், அட்டைகளை நகத்தாலேயே கிள்ளி எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார் மேலாளர் ஒனோதெரா. அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். செண்டாய் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையின் ஐந்தாம் தளம் முழுக்க வெளிநாட்டு இசை. ஒவ்வொரு ஆல்பத்துக்குக் கீழேயும் ஊழியர்கள் கைப்பட எழுதி ஒட்டிய சிபாரிசு அட்டை. முகம் தெரியாத பாடகரை, பாஷை புரியாத பாட்டை, ஜனங்கள் இந்த அட்டைகளை நம்பித்தான் காசு கொடுத்து வாங்கினார்கள். அதெல்லாம் ஒரு காலம். இப்போது கீழ்த்தளத்தில், பாடுகிற பெண்ணோடு கைகுலுக்க ஒரு சீட்டு வைத்துக் கொடுத்தால் ஒரே ஆளே பத்து சிடி வாங்கிப்போகிறான். ஐந்தாம் தளத்தில் அடுத்த மாதம் குடை விற்கப்போகிறார்கள். பதினாறு வருஷமாக இங்கே நிற்கும் சவாகோ காலையிலிருந்து அட்டைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நகக்கண் எரிந்தது.

ஒரே ஒரு அட்டையை மட்டும் அவள் தொடவில்லை. பாட்டைக் கேட்டுப் பார்க்கிற மூன்றாம் மேடையில், ஒரு நார்வேக்காரியின் ஆல்பத்துக்குக் கீழே இருந்தது அது. 'நம் நாட்டுப் பதிப்பில் மட்டும் கடைசியில் கூடுதலாக ஒரு பாட்டு. அதுதான் எனக்கு உயிர். பாதியில் போய்விடாதீர்கள், இன்னும் கொஞ்சம் இருங்கள்' என்று எழுதியிருந்தது. எழுதியவன் இதே தளத்தில் வேலை பார்த்த தொமோயா. அந்த அட்டையால் மட்டும் நானூறு சிடி போயிற்று. அந்தப் பாடகிக்குச் சொந்த ஊரிலாவது அத்தனை போயிருக்குமா என்று எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பிப்ரவரியில், வேலை முடிந்து சைக்கிளில் போனவன் பனியில் சறுக்கி லாரிக்கடியில் விழுந்தான். இருபத்தாறு வயசு.

அதற்குப் பிறகு மாதா மாதம் முதல் சனிக்கிழமை அவன் அம்மா வந்தாள். ஷியோகாமா துறைமுகத்தில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. பாட்டெல்லாம் கேட்க மாட்டாள். அந்த அட்டைக்கு இரண்டடி தள்ளி, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாகப் பத்து நிமிஷம் நிற்பாள். பிறகு தலை குனிந்து வணங்கிவிட்டுப் போவாள்.

பாவம், அவளுக்குத் தெரியாது. அது தொமோயா எழுதிய அட்டை இல்லை.

போன மழைக்காலத்தில் அட்டை வெளிறி, மூலை சுருண்டுவிட்டது. வெளிறிய அட்டை மாட்டக்கூடாது என்பது கடையின் சட்டம். அவன் வார்த்தை போய்விடக்கூடாதே என்று சவாகோ இரண்டு நாள் உட்கார்ந்து, அதே நிறப் பேனாக்கள் தேடி வாங்கி, அவன் எழுத்தின் உருண்டையும் சாய்வும் மாறாமல் புதிதாக எழுதி ஒட்டினாள். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தாள். பழையதை எடுத்து வைத்திருக்கலாம்தான். புதிதை ஒட்டியதும் பழையதைக் கசக்கிப் போடுவது பதினாறு வருஷப் பழக்கம். கை தன்பாட்டுக்குக் கசக்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா வந்து அதே இடத்தில் நின்றபோதுதான், செய்தது என்னவென்று சவாகோவுக்கு உறைத்தது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தாள்.

கடை மூட அரை மணி இருக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"இன்னியோட இந்தத் தளத்த மூடறீங்களாமே? பேப்பர்ல போட்டிருந்தான்."

தொமோயாவின் அம்மா. ஆலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், ரப்பர் செருப்புகூட மாற்றவில்லை.

"ஆமாம்மா."

"அந்த அட்டை குப்பைக்குத்தான் போகும்னா, எனக்குத் தர்றியாம்மா? அவன் கையெழுத்துன்னு வீட்ல ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் போன்லயே தட்டுவான், தடிப்பய."

சவாகோ மெல்ல உரித்துக் கொடுத்தாள். "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் அந்த அம்மா பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அட்டையை முகத்துக்கருகே கொண்டுபோயிருந்தாள்.

"அடடே, பாரேன்! தள்ளி நின்னு பாத்ததுல இது தெரியவே இல்ல. அவன் இடது கைக்காரன்மா. எழுத எழுதக் கை பட்டு மையெல்லாம் இழுவிடும். பள்ளிக்கூடத்துல நோட்டைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா காட்டுவாங்க. நான் திட்டாத திட்டில்ல. ஒரு நாள் ஆத்திரத்துல அந்தக் கையிலயே ஸ்கேலால போட்டேன். இங்க பாரு, ஒரு இழுவல் இல்ல! திருந்தியிருக்கான்."

சவாகோவுக்கு நினைவு வந்தது. பழைய அட்டையில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நீலமாக ஒரு நிழல் படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து அதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். மற்றதையெல்லாம் அச்சாக எழுதிவிட்டு, அவன் கை பட்ட தடத்தை மட்டும் துடைத்துப் போட்டிருக்கிறாள்.

"நீதான் சொல்லிக்குடுத்தியா?"

"நான்... அம்மா, நான்..."

அவ்வளவுதான் வந்தது. அந்த அம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அட்டையை மார்போடு அணைத்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். நிமிரவே இல்லை. சவாகோவும் குனிந்தாள். செத்துவிடலாம் போல இருந்தது.

"அந்தக் கடைசிப் பாட்டுன்னு எழுதியிருக்கானே, அதைக் கேக்கலாமா?"

சவாகோ ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிவிட்டுப் பன்னிரண்டாம் பாட்டுக்குத் தள்ளப் போனாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம், மொதல்லேருந்தே வரட்டும். இருங்கன்னுல்ல எழுதியிருக்கான்."

எட்டு மணிக்குக் கடை மூடும் இசை ஒலித்தது. ஊழியர்கள் எஸ்கலேட்டர் பக்கத்தில் வரிசையாக நின்று கடைசி வாடிக்கையாளர்களை வணங்கினார்கள். ஒனோதெரா அங்கிருந்தே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். விளக்குகள் பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்து வந்தன. அந்த அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடி, அட்டையின் வரிகளை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். சவாகோ வரிசைக்குப் போகவில்லை. மேடையின் பொத்தானை யாரும் அணைத்துவிடாதபடி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். கருவியில் பாட்டின் சிவப்பு எண் நான்கிலிருந்து ஐந்தாக மாறியது.