மெட்டில்லாமல் ஒரு சொல்

கணவன் எரோனியின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, லிதியானா அதை மறுபடியும் கழற்றினாள்.

"என்னடி பண்றே?" என்றாள் கெலேரா, எரோனியின் அக்கா. மருத்துவமனைப் பிணவறையை ஒட்டிய அறையில் இரண்டு பேருமாக அவனுக்கு உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

"கழுத்தை இறுக்கினா அவருக்குப் பிடிக்காது அண்ணி."

"இத்தனை வருஷமா அவன் கழுத்தைப் பிடிச்சவ நீ. இப்ப பொத்தானுக்குக் கவலைப்படறியாக்கும்." சொன்ன கையோடு கெலேரா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெட்டியை ஏற்றிய வண்டி ஃபிஜியின் நௌசோரி சந்தையைக் கடந்து அவர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் லிதியானாவின் உதடுகள் அசைந்தன.

"ஜெபமா?"

"இல்ல அண்ணி. நரம்பு."

கெலேரா புரியாமல் விழித்தாள்.

மூன்று பிள்ளைகள் பெற்ற பிறகு நர்ஸ் படிப்பில் சேர்ந்தவள் லிதியானா. தலையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு நரம்புகள் மட்டும் அவள் மண்டையில் தங்கவே மாட்டேன் என்றன. இரண்டாவது முறையும் தேறாமல் போனபோது புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்த எரோனி அதைக் குனிந்து எடுத்தான். "வா, இவங்க எல்லாரும் நம்ம தெருவுலதான் குடியிருக்காங்க" என்று அவளைக் கைபிடித்து வெளியே கூட்டிப் போனான்.

மோப்ப நரம்பு கருவாடு காயும் வீட்டில். பார்வை நரம்பு சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட சபை மூப்பர் வீட்டு வாசலில். முக நரம்பு, யாரைக் கண்டாலும் முகத்தைச் சுளிக்கும் செரெய்மா வீட்டில். உடம்பெல்லாம் சுற்றித் திரியும் பத்தாவது நரம்பு, கட்டிப்போடாத ஹரியின் ஆடு. வீடு கிடைக்காத நரம்புகளுக்கு அவனே நடுத்தெருவில் நின்று நடித்தான். தோளைக் குலுக்கினான், நாக்கை நீட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த பரீட்சையில் சிரித்துக்கொண்டேதான் எழுதினாள்.

"அதுக்கா நாக்கை நீட்டிட்டு நின்னான்? பேய் பிடிச்சிருக்குன்னு நான் போதகரையில்ல கூட்டிட்டு வந்தேன்!" என்றாள் கெலேரா, கதையைக் கேட்டுவிட்டு.

இருவரும் பெட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்து சிரித்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

போன வருஷம் பக்கவாதம் வந்து எரோனியின் பேச்சு போயிற்று. ஒரு ஞாயிறு கோயிலில் பாட்டு தொடங்கியபோது, தண்ணீர் என்று சொல்லத் திணறுகிறவன் முழு அடியையும் வார்த்தை பிசகாமல் பாடினான். லிதியானா அன்றே தொடங்கிவிட்டாள். தண்ணீருக்கு ஒரு மெட்டு, தேநீருக்கு ஒன்று, குளிக்கப் படகுப்பாட்டு. அவன் இடது உள்ளங்கையில் தாளம் தட்டிச் சொல்லிக்கொடுத்தாள். கிறிஸ்துமஸ் பாட்டு மெட்டில் "குழம்பில் உப்பில்லை" என்று அவன் உருக்கமாகப் பாடினால் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"கடைசி நாள் காலையில..." என்று லிதியானா தொடங்கினாள். "என் மணிக்கட்டைப் பிடிச்சாரு அண்ணி. எதையோ சொல்ல வாயெடுத்தாரு. பாடுங்கன்னு தாளம் தட்டினேன். அந்தக் கையை அப்படியே பிடிச்சு நிறுத்திட்டாரு. வேணாம்னு தலையாட்டினாரு. மெட்டில்லாம சொல்லணும்னு பார்த்தாரு. காத்துதான் வந்தது."

"நீ என்ன சொன்னே?"

"டீயான்னு கேட்டேன்."

கெலேரா பெட்டியின் மேல் விரித்திருந்த பாயின் குஞ்சங்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்தது. எல்லோரும் பாடினார்கள், லிதியானாவும் பாடினாள். மாலையில் ஆண்கள் கொட்டகையில் யங்கோனா வேர்ச்சாறு கலக்கிக் குடிக்க உட்கார்ந்தார்கள். தூறல் விழுவதைப் பார்த்து அவள் துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள்.

பக்கத்து வீட்டில் ஆணின் குரல், பாதி எரிச்சலோடு, பெண்டாட்டியைக் கூப்பிட்டது. "ஏய், எங்க போயிட்டே? ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்குது."

"சாத்திட்டேன், சாத்திட்டேன்."

லிதியானா கொடியைப் பிடித்தபடி நின்றாள். துணிகள் நனைந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரன் இன்னொரு தரம் அப்படி மெட்டில்லாமல் கூப்பிடுவானா என்று காத்திருந்தாள்.