மூன்றாவது வால்வுக்கு எந்த ஆயில்?

டிரம்பெட்டின் மூன்றாவது வால்வு இருபது நிமிடம் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேல் அழுத்தினால் கீழே போகும். திரும்பி வருவதற்குத்தான் மனசு இருக்காது. அரை நொடி கழித்து, தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் மாதிரி எழுந்து வரும். அதற்குள் அடுத்த சுரம் வந்து மோதி, இரண்டும் சேர்ந்து ஒரு கனைப்பாக வெளியே போகும். வீட்டில் இந்தக் கோளாறு தலைகாட்டுவதே இல்லை. காரணம், வீட்டில் பத்து நிமிடம்தான் வாசிக்க முடியும்; அதைத் தாண்டினால் மாடி வீட்டுக்காரர் தரையை மிதிப்பார்.

டிரம்பெட்காரருக்கு இது மூன்று மாதத் தலைவலி. இப்போது தலைக்கே ஆபத்து. பஸ் கம்பெனி தன் பேண்டு வாத்தியக் குழுவில் பன்னிரண்டு பேரை எட்டாகக் குறைக்கிறது. டிரம்பெட் வாசிக்கிற இரண்டு பேரில் ஒருவர்தான் மிஞ்சுவார். யார் என்பதை பேண்டு மாஸ்டர் வெள்ளிக்கிழமை ஒத்திகையில் முடிவு செய்வார்.

மாஸ்டர் வயதில் சின்னவர், தன்மையான ஆள். போன வாரம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "அண்ணே, வால்வா, விரலா? எதுன்னு சொல்லிடுங்க."

"வால்வுதான் தம்பி. ஆயில் ஒத்துக்கல. மாத்திட்டா சரியாயிடும்."

நியாயமான பதில்தான். வால்வு என்பது ஒரு குழாய்க்குள் ஏறி இறங்கும் இன்னொரு குழாய். இரண்டுக்கும் நடுவே தலைமுடி நுழையாத இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ஆயில் குடியிருக்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசாமல் வழுக்க வைப்பதும் அதுதான், காற்று கசியாமல் அடைப்பதும் அதுதான். விரலுக்கு அழுத்துகிற வேலை மட்டும். மேலே தூக்குவது அடியில் இருக்கிற ஸ்பிரிங். ஆகவே எழுந்து வருவதில் தாமதம் என்றால் முதல் சந்தேகம் ஸ்பிரிங் மேல், அடுத்தது ஆயில் மேல். ஸ்பிரிங்கை அவர் முதல் மாதமே மாற்றிவிட்டார். பிறகு ஆயில் ஆயிலாக வாங்கினார். ஒருநாள் மனைவியின் வேலைப் பையில் இருந்த எண்ணெயைக்கூடத் தொட்டுப் பார்த்தார். மனைவி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள்.

"அது லிஃப்டு ஓடற தண்டவாளத்துக்குப் போடறதுங்க," என்று கையைப் பிடித்தாள். "அதை விட்டா உங்க பாட்டு நாலாவது மாடியிலேயே நின்னுடும்."

வியாழக்கிழமை காலை வாத்தியக் கடைக்காரர் மூன்று புட்டிகளை வரிசையாக வைத்துக் குலுக்கிக் காட்டினார். ஒன்று தண்ணீர் மாதிரி, ஒன்று நடுத்தரம், ஒன்று கெட்டி.

"உங்க டிரம்பெட்டுக்கு என்ன வயசு?"

"கம்பெனி சொத்து. எனக்கு முன்னாடியே ரெண்டு பேர் வாசிச்சிருக்காங்க. முப்பது வருஷம் இருக்கும்."

"அப்போ உள்ள தேஞ்சு இடைவெளி கூடியிருக்கும். மெல்லிசு ஆயில் நிக்குமா? ஒழுகிடும். புது வால்வுக்குத்தான் அது. உங்களுது இடுப்பு இளைச்ச ஆளு மாதிரி, பெல்ட்டை இறுக்கணும். கெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. பழசைச் சுத்தமா துடைச்சிட்டுப் போடுங்க, கலந்தா பிசினாயிடும்."

இதுவரை வாங்கியது எல்லாமே மெல்லிசு. அவர் கிட்டத்தட்ட ஓடியே வீட்டுக்கு வந்தார்.

மாடி வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். இவர் மனைவிக்கு அன்று விடுமுறை. வால்வைக் கழற்றித் துடைத்து, மூன்று சொட்டு விட்டு, 'டிக்' என்று உட்காரும்வரை திருகி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். இருபது நிமிடம் தேன். இருபத்தொன்றில் அதே கனைப்பு.

டிரம்பெட்டை மடியில் இறக்கினார். மனைவி மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"லிஃப்டு கதவு மூடலன்னா நாங்க உடனே மோட்டாரைக் கழட்ட மாட்டோம். வாசல்ல எவனாவது நிக்கறானான்னுதான் மொதல்ல பார்ப்போம். இப்படிக் காட்டுங்க."

பென்சிலின் ரப்பர் முனையால் மூன்றாவது வால்வை அழுத்திச் சட்டென்று வழுக்கி விட்டாள். டக். மறுபடி. டக். பத்து தடவையும் விட்ட கணமே எழுந்தது. பிறகு அவர் தன் மோதிர விரலால் அழுத்தினார். வால்வு தாமதமாக வந்தது. விரலோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

"பழைய ஆயிலப் போட்டும் பார்த்துடலாம்," என்றார்.

துடைத்து, மெல்லிசைப் போட்டு, இன்னொரு இருபது நிமிடம். இந்தத் தடவை பென்சிலுக்கும் வால்வு சோம்பி எழுந்தது. அப்படியானால் கோளாறு ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் இருபது நிமிடம்தான் கெடு என்பதால் ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டிருந்தது. ஆயிலை மாற்றியதும் முன்னால் நின்றது விலகிவிட்டது, பின்னால் நின்றது தெரிந்துவிட்டது.

"ஆயிலும்தானே காரணம்!" என்றார், பிடிக்க ஒரு கொம்பு கிடைத்தவர் மாதிரி.

"ஆமாங்க. அது சரியாயிடுச்சு."

"விரலையும் மொத மாசமே டாக்டர்கிட்ட காட்டினோமே," என்று இழுத்தார்.

"காட்டினோம். நரம்பு போச்சு, இனி திரும்பாதுன்னாரு. நீங்க வெளிய வந்ததும் நேரா கடைக்குப் போய் ஸ்பிரிங் வாங்கினீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "நானும் கூடத்தானே வந்தேன். வாயைத் திறக்கலையே."

இடது கையால் வாசிக்கப் பழகலாம், ஒரு வருடம் ஆகும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை என்பது நாளைக்கு. பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை ஒத்திகைக்கு முன்பே பேண்டு அறைக்குப் போனார். மாஸ்டர் எழுந்து நின்றார்.

"விரல்தான் தம்பி," என்றார் டிரம்பெட்காரர்.

மாஸ்டர் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். இந்த டிரம்பெட் இனி அந்த இன்னொரு டிரம்பெட்காரனுக்குப் போகும், அவனிடம் இருப்பது இதைவிடப் பழசு. டிரம்பெட்காரர் பெட்டியைத் திறந்து, கெட்டி ஆயில் புட்டியை உள்ளே வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார்:

'இதற்குக் கெட்டி ஆயில்தான் போட வேண்டும். பழையதைத் துடைத்துவிட்டு வால்வுக்கு மூன்று சொட்டு. மெல்லிசு இருபது நிமிடத்தில் ஒழுகிவிடும். மூன்றாவது வால்வில் எந்தக் கோளாறும் இல்லை.'