நாளைக்கு வரப்போகும் காய்ச்சல்

நாலாம் வகுப்பு டீச்சர் கல்வித் துணை அமைச்சரான பிறகும் எல்லாருக்கும் டீச்சர்தான். இருபத்திரண்டு வருஷம் வகுப்பு, ஒன்பது வருஷம் ஆசிரியர் சங்கத் தலைவி, பிறகு நாடாளுமன்றம். சொல்லும்போது ஏணி மாதிரி இருக்கிறது, இல்லையா கண்ணுகளா? எத்தனை படியில் வழுக்கியது என்று ஏறினவளுக்குத்தான் தெரியும்.

சங்கத்தில் இருந்தபோது நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. தினமும் காலையில் பூட்டின பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் நின்று, ஒரு நீல நோட்டைப் பிரித்து டீச்சர் பேர் கூப்பிடுவாள். ஒவ்வொருவரும் பிள்ளைகள் போலவே "உள்ளேன்" சொல்ல வேண்டும். நழுவ நினைத்தவர்கள்கூட அந்தக் குரலுக்குப் பயந்தே வந்தார்கள். கடைசியில் நிர்வாகம் ஏழு பேரை விசாரணையே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. அதில் டிராயிங் மாஸ்டரும் ஒருவர். கோர்ட்டு வாசலில் மூன்று வருஷம் தேய்ந்துதான் அவர்கள் திரும்ப வேலைக்கு வந்தார்கள்.

இப்போது டீச்சரின் சொந்தக் கட்சியே, வேலைநிறுத்தம் செய்யும் ஆசிரியரை விசாரிக்காமலே நீக்கலாம் என்று சட்டம் கொண்டு வருகிறது. நாளைக்கு வாக்கெடுப்பு. ஒவ்வொரு உறுப்பினரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழுந்து, ஆதரவா எதிர்ப்பா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் கட்சிச் செயலாளர் அவளுடைய அறைக்கு வந்தார். டைப் அடித்த ஒரு தாளை மேஜைமேல் வைத்தார்.

"மேடம், நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல்."

"உடம்பு கல்லு மாதிரி இருக்கே."

"நீங்க எதிர்த்தா பதவி போயிடும், கட்சியை விட்டும் தூக்கிடுவாங்க. ஆதரிச்சா சங்கத்து ஆளுங்க முகத்துல முழிக்க முடியாது. காய்ச்சல்னா ரெண்டு பக்கமும் தப்பிக்கலாம். தலைவரே சொன்ன வழி. ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

டீச்சர் தாளைப் படித்தாள். கடும் காய்ச்சல் காரணமாக நாளை ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, நாளைக்குக் காய்ச்சல் வரும்னு இன்னிக்கே தெரிஞ்ச பையன் ஒருத்தன் எங்கிட்ட படிச்சான். மறுநாள் தெருவுல பந்து விளையாடி மாட்டிக்கிட்டான்."

"விளையாட்டு இல்ல மேடம்."

"நானும் விளையாடல. இதுல பெத்தவங்க கையெழுத்து எங்க?"

தாளை அவரிடமே நீட்டினாள். அவர் முகம் சுண்டிப்போய் வெளியேறினார்.

முந்நூறு பள்ளிக்கூடங்களுக்குக் கழிப்பறை கட்டும் கோப்பு அவள் மேஜையில் இருந்தது. எட்டு மாதம் மல்லுக்கட்டி இந்த மட்டும் கொண்டு வந்திருந்தாள். உதவியாளரைக் கூப்பிட்டு, பக்கம் பக்கமாகப் படித்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டாள்.

"இப்பவே அனுப்பிடும்மா. நாளைக்கு என் கையெழுத்து செல்லுமோ செல்லாதோ."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. குமாஸ்தா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். டீச்சரின் பேர் வந்ததும், கூப்பிடாமல் கையிலிருந்த தாளைப் பார்த்து, "விடுப்பு, காய்ச்சல்" என்று வாசித்துவிட்டு அடுத்த பேருக்குத் தாவினார்.

"உள்ளேன்!"

கேட்டுக்கு முன்னால் நாற்பத்தொரு நாள் ஒலித்த அதே குரல். குமாஸ்தாவின் கையிலிருந்து பேனா நழுவியது.

"உங்க விடுப்புக் கடிதம் இருக்கேம்மா, கையெழுத்தோட" என்றார் சபாநாயகர்.

"காட்டுங்க." வாங்கிப் பார்த்தாள். "அப்பா கையெழுத்தைப் போட்டுக்கிட்டு வர்ற பிள்ளைங்ககூட இதைவிட நல்லாப் போடுவாங்க, ஐயா. இது என்னோடது இல்ல. நான் இங்கதான் நிக்கிறேன். இந்தச் சட்டத்தை எதிர்க்கிறேன். எழுதிக்கோங்க."

எதிர்வரிசை மேஜையைத் தட்டியது. செயலாளர் தரையைப் பார்த்தார்.

அன்றைக்குச் சட்டம் ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஐந்து மணிக்குப் பதவி போயிற்று, ஆறு மணிக்குக் கட்சி.

மறுநாள் காலை, ஆசிரியர்கள் கூடியிருந்த சங்க அலுவலகத்தில், கால் ஆடும் பழைய மேஜைக்கு முன்னால் டீச்சர் வந்து நின்றாள். பையிலிருந்து நீல நோட்டை எடுத்தாள். நடுப்பக்கம் வெறுமையாக இருந்தது. மேலே தேதி போட்டாள்.

"திங்கட்கிழமையிலிருந்து வேலைநிறுத்தம். வர்றவங்க பேர் சொல்லுங்க. வேலை போகும், தெரிஞ்சே சொல்லுங்க. டிராயிங் மாஸ்டர்?"

"ஏற்கெனவே ஒருதரம் போன வேலைதானே அக்கா" என்றார் அவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "உள்ளேன்."