நாற்பது படங்கள்

றிஷாட் துபாயில் இன்னொருத்தியை நிக்காஹ் செய்துவிட்டான் என்ற கதை ஊருக்கு, சாய்ந்தமருதுக்கு வந்திருந்தது. அவனிடம் நேரில் கேட்டுவிடத்தான் மனைவி ஹில்மியா விமானம் ஏறினாள்.

“முதல்ல ஊரப் பாப்பம் புள்ள. பொழுதுபட்டாக் கதைப்பம்,” என்றான் அவன்.

காலையில் பழைய நகரின் மண்சுவர்ச் சந்துகளில் நடந்தார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் அவளை நிறுத்திப் படமெடுத்தான். படகில் அக்கரைக்குப் போகும்போதும், குங்குமப்பூக் கடை வாசலிலும் எடுத்தான்.

“என்ன புள்ள, மையத்து வூட்டுக்கு அழ வந்தாப்போல நிக்கிறாய்? சிரி.”

அவள் சிரித்தாள். இத்தனை அன்பாய் இருப்பவன் அப்படிச் செய்திருக்கமாட்டான் என்று மத்தியானத்துக்குள் நம்பத் தொடங்கியிருந்தாள். படங்களை அவன் உடனுக்குடன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டான். அவளுடைய உம்மா ஒவ்வொன்றுக்கும் ‘மாஷா அல்லாஹ்’ அனுப்பினாள்.

மாலையில், உலகிலேயே உயரமான அந்தக் கோபுரத்தின் அடியில் நின்று அவள் கேட்டாள்.

“மச்சான், அந்தக் கதை உண்மையா?”

“ஓம். நாளைக்கு விடிய உனக்கு ஃபிளைட்.”

அவள் அவனைவிட்டு ஓரடி விலகி நின்றாள்.

“நான் காழி கோட்டுக்குப் போய் வழக்குப் போடுவன்.”

“போ. புருஷன் வெச்சுப் பாக்கல்ல எண்டுதானே சொல்லுவாய்? இண்டைக்கு நாப்பது படம் இரிக்கு. ஒண்டிலயாவது அழுதிருக்கிறியா?”

அவனுடைய போன் அதிர்ந்தது. ‘ரெண்டு பேரும் சேந்து நிண்டு ஒண்டு போடுங்க மகன்’ என்று அவளுடைய உம்மா குழுவில் எழுதியிருந்தாள்.

றிஷாட் அவள் தோளில் கைபோட்டுப் போனை உயர்த்தினான்.

“உம்மா பாத்துக்கிட்டு இரிக்கா. சிரி.”